வேதத்தில் சேர்ந்துவிட்டேன்

"சட்டையைத் தூக்குடா."

ஹாஸ்டல் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் என் தாய்மாமன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். சுகமா என்று கேட்கவில்லை. திருமங்கலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். கால் முட்டி வரைக்கும் புழுதி. அவருக்குப் பின்னால், தூணோடு தூணாக, என் அய்யா நின்றார். கையில் ஒரு துணிப்பை. பார்வை தரையில்.

நான் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. மாமாவின் கண் முதலில் நெற்றிக்குத்தான் போனது. அங்கே ஒன்றும் இல்லை என்றதும் இடுப்புக்கு இறங்கியது.

"என்ன மாமா இது, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். தூக்கு."

தூக்கினேன். பல் விளக்கிக்கொண்டிருந்த பையன்கள் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மாமா குனிந்து, என் வேட்டிக் கட்டை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். அரைஞாண் கயிறு இல்லை.

"கயிறு எங்கடா?"

"அறுந்துபோச்சு மாமா. போன வாரம் குளிக்கிறப்ப."

"அறுந்துச்சா, அறுத்தியா?"

நான் எதைச் சொன்னாலும் நம்பப் போவதில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அறுந்த கயிற்றை எடுத்து வைத்திருக்கலாமே என்று பிறகு நினைத்தேன். யார் எடுத்து வைப்பார்கள்?

"பாத்தீகளா மச்சான், நாஞ் சொன்னேன்ல" என்று மாமா அய்யாவிடம் திரும்பினார்.

அய்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளை சாப்பிட்டானான்னு மொதல்ல கேளு" என்றார்.

பிள்ளைகளே, உங்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். செத்த பிறகுதான் அதை அறுப்பது. வேறு மதத்தில் சேர்ந்தவன் முதலில் அந்தக் கயிற்றைத்தான் அறுத்து எறிவான் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. உண்மையா என்று யாரும் போய் விசாரித்ததில்லை. இந்த மாதிரி விஷயங்களை விசாரிக்காமல் இருந்தால்தான் நம்ப முடியும்.

மாமா வந்தது ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான்: நான் கிறிஸ்தவனாகிவிட்டேனா?

ஆகியிருந்தால், தை மாதம் அவர் மகளை எனக்குக் கட்டித் தருவதாக இருந்த பேச்சு அன்றோடு முடிந்தது. அந்த மகள்தான் உங்கள் அம்மா. ஆகவே இந்த வாரத்துக் கதையை நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிப்பது நல்லது.

ஒரு கார்டு செய்த வேலை

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி. இண்டர் பரீட்சையை எப்படியோ தேறி, மதுரையில் ஒரு மிஷன் காலேஜில் பி.ஏ. சேர்ந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போனவன் நான்தான். சரித்திரம் எடுக்க ஆசை. அதில் இடம் இல்லை. இன்னொரு பிரிவில் இடம் இருந்தது. அதில் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். உலகத்து மதங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்றார்கள்.

கும்பிடுகிற சமாச்சாரம்தானே, இதில் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்று கையெழுத்துப் போட்டேன். ஞானத்தைத் தேடி நான் அந்தப் பாடத்துக்குப் போனதாக நீங்கள் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.

சேர்ந்த சந்தோஷத்தில் அய்யாவுக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துச் சொல்வார். அவருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். 'மதப் பாடம்' என்று முதலில் எழுதலாம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மதம் என்றால் ஆனைக்குப் பிடிப்பது. இல்லையென்றால் பணக்காரனுக்குப் பிடிப்பது. 'இவன் மதம் பிடித்துப் போயிருக்கிறான்' என்று சொல்லிவிட்டால்? ஆகவே நல்ல வார்த்தையாக, படித்தவன் எழுதுகிற வார்த்தையாக, 'வேதம்' என்று போட்டேன். கார்டு இப்படிப் போனது:

'இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். நான் இந்த வருஷம் வேதத்தில் சேர்ந்துவிட்டேன். என்னோடு மொத்தம் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாதிரியார் எங்களிடம் மிகவும் பிரியமாக இருக்கிறார்.'

இதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. எல்லா வேதங்களையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும், மாமாவுக்கும் இதைச் சொல்லவும் என்று. தபால்காரர் அதுவரைக்கும் போகவே இல்லை. 'பாதிரியார்' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டார்.

தெற்கே நம் பக்கத்து மனிதர்கள் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். கிறிஸ்தவர்களை நாங்கள் 'வேதக்காரர்கள்' என்போம். மாதா கோயிலை 'வேதக்கோயில்' என்போம். ஒருவன் 'வேதத்தில் சேர்ந்துவிட்டான்' என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்று. இது எனக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து காதில் விழுகிற பேச்சு. ஆனாலும் பேனாவை எடுத்ததும் மறந்துபோனது. படிப்பு செய்கிற வேலை சில சமயம் இப்படி.

அய்யா கார்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது.

"நானும் சேர்ந்துட்டேன் மாமா"

வராந்தாவில் நின்றபடியே இவ்வளவையும் மாமாவிடம் விளக்கினேன். அது படிக்கிற பாடம், சேருகிற கோயில் இல்லை என்றேன்.

"வேதத்துல சேர்ந்த அம்புட்டுப் பேரும் படிக்கத்தான்டா போனான். ஒருத்தனாச்சும் சேரப் போறேன்னு சொல்லிட்டுப் போனானா?"

நான் அறைக்குள் ஓடிப் போய் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன்.

"நாடகத்துலகூடத்தான் பூசிக்கிட்டு வர்றான்" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்து காதர் வந்தான். காதர் என் வகுப்பு. பழைய ஊருக்குள், பெரிய பள்ளிவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் அவர்களுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. நோட்டு வாங்க வந்தவன், என் வீட்டு ஆட்கள் என்று தெரிந்ததும் மரியாதையாகக் கைகூப்பினான்.

"இது யாரு?" என்றார் மாமா. "கூடச் சேர்ந்த நாலு பேர்ல ஒரு ஆளா?"

"ஆமா மாமா. நானும் சேர்ந்துட்டேன்" என்றான் காதர், சிரித்த முகத்தோடு.

மாமா அவன் தொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடப்பாவிகளா, சாயபு வீட்டுப் பிள்ளையக்கூட விடலையா!" என்று தூணைப் பிடித்துக்கொண்டார்.

காதருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்க வீட்லயும் இதே கதைதான் மாமா. அடுத்தவங்க வேதத்தை ஒனக்கு எதுக்குடா படிக்கணும்னு அத்தா எங்கிட்டப் பேச்சை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. ஒரே வீட்ல இருக்கோம், ஒரே தட்டுல சாப்பிடுறோம், பேச்சு மட்டும் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு. நீங்களாச்சும் கேக்குறதுக்கு பஸ் ஏறி வந்தீங்க" என்றான்.

மாமா தூணை விட்டார். பிடியை விடவில்லை.

"நாளைக்கு மறுநா ஆடி அமாவாசை. பொட்டிய எடு. ஊருக்கு வா. வந்து ஒங்காத்தாளுக்கு எலையப் போடு. அதுக்கப்புறம் பேசுவோம். இந்தப் படிப்பை விடுறேன்னு இப்பவே எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"இலை போடுறேன் மாமா. படிப்பை விட மாட்டேன்."

எனக்கே ஆச்சரியம். மாமாவை எதிர்த்து அதுவரைக்கும் நான் பேசியதில்லை. அம்மா இல்லாத என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

கரும்பலகையில் புகையிலை

ஏன் விடமாட்டேன் என்றேன் என்பதைச் சொல்ல, இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வகுப்பில் நாலே பேர். நான், காதர், ஒரு உபதேசியார் மகன் ஞானமுத்து, தல்லாகுளத்து வக்கீல் வீட்டுப் பையன் ஒருவன். பாடம் நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். மெலிந்த ஆள். சாக்குக்கட்டித் தூள் பட்டு அவர் கறுப்புக் கோட்டு எப்போதும் விபூதி பூசின மாதிரி இருக்கும். நோட்டில் நாலு கட்டம் போடச் சொல்வார். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒவ்வொரு மதத்தாரும் சொல்லும் பதிலைக் கட்டத்தில் எழுத வேண்டும். எது உயர்ந்தது என்று அவர் சொல்ல மாட்டார். காதர் ஒருநாள் கேட்டே விட்டான். 'அந்தக் கேள்வி பரீட்சையில் வராது' என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் வந்த கேள்வி: இறந்தவர்களுக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? புத்தகத்தில் இருப்பது வேண்டாம், வீட்டில் செய்வதைச் சொல்லுங்கள் என்றார்.

வக்கீல் வீட்டுப் பையன் எள், தண்ணீர், மந்திரம் என்று சரளமாகச் சொன்னான். ஞானமுத்து கல்லறைக்குப் பூ வைப்பதையும் மெழுகுவத்தி ஏற்றுவதையும் சொன்னான். காதர் ஃபாத்திஹா ஓதுவதைச் சொன்னான். என் முறை வந்தது. எனக்கு மந்திரம் தெரியாது. எங்கள் வீட்டுக்கு ஐயரும் வந்ததில்லை.

"ஆடி அமாவாசைக்குத் தலைவாழை இலை போடுவோம் சார். ஆத்தாவுக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம். கருப்பட்டிப் பணியாரம், அவரைக்காய்ப் பொரியல், வெற்றிலை…"

அங்கே நிறுத்திவிட்டேன்.

"அப்புறம்?" என்றார் பாதிரியார்.

"ஒரு துண்டுப் புகையிலை சார். ஆத்தா புகையிலை போடுவாள்."

வக்கீல் வீட்டுப் பையன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "அது சாஸ்திரத்தில் இல்லை சார்" என்றான்.

பாதிரியார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. புகை, குடி இரண்டும் அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்கு எதிராகப் பிரசங்கம் செய்கிறவர். அவர் சாக்குக்கட்டியை எடுத்து, எங்கள் கட்டத்தில், மந்திரத்துக்குச் சமமான எழுத்தில், 'புகையிலை' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "உங்கள் தாயார் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

என் ஆத்தா இறக்கும்போது எனக்கு ஐந்து வயது. முகம்கூடச் சரியாக நினைவில்லை. அவள் வாய் மணத்தில் அந்தப் புகையிலை நெடி மட்டும் நினைவிருக்கிறது. அவள் இருந்தாள் என்பதற்கு ஊருக்கு வெளியே ஒரு சாட்சியும் கிடையாது. அன்றைக்கு அந்தக் கரும்பலகை சாட்சி சொன்னது. மணி அடித்து எல்லோரும் போன பிறகும் நான் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பாடத்தை எப்படி விடுவேன்? மாமாவிடம் இதை வராந்தாவில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம்கூட இப்போதுதான் சொல்கிறேன்.

பஸ்ஸில் ஒரு கேள்வி

திருமங்கலம் பஸ்ஸில் அய்யா முன் பலகையில் உட்கார்ந்தார். மாமாவும் நானும் பின்னால். பஸ் பழங்காநத்தம் தாண்டியது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, யாரையோ கேட்பதுபோல் கேட்டார்.

"வேதத்துல, செத்தவுகளுக்குச் சோறு வைப்பாங்களா?"

கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. பாடம் தெரிந்த பையன் மாதிரி பதில் சொன்னேன். "சோறு வைக்க மாட்டாங்க மாமா. வருசத்துல ஒருநா கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துவாங்க. பூ வைப்பாங்க. பேரைச் சொல்லி வேண்டிக்குவாங்க."

"மெழுகுவத்திதானா?"

"ஆமா."

"மெழுகுவத்தியத் திங்க முடியுமாடா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை. துண்டை எடுத்துத் துடைக்கக்கூட இல்லை. காற்றில் காயட்டும் என்று விட்டுவிட்டார்.

"எங்க அக்கா சாகுறப்ப நாலு நாளாச் சாப்பிடல. காய்ச்சல். வாயில கஞ்சி ஊத்தினா வெளிய வந்துரும். பசிக்குது தம்பி, பசிக்குது தம்பின்னே செத்தா. வருசத்துக்கு ஒருநா அந்த எலையிலதான் அவ சாப்பிடுறா. அதைப் போட வேண்டியவன் நீ ஒருத்தன்தான். நான் போட முடியாது. பெத்த பிள்ளை போட்டாத்தான் அவளுக்குச் சேரும்."

பஸ் ஒரு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கியது. முன் பலகையில் அய்யாவின் முதுகு அசையவில்லை.

மாமா தன் மகளுக்காக பஸ் ஏறி வரவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றும் வரவில்லை. தன் அக்கா இனிமேல் பட்டினி கிடப்பாளே என்று வந்திருக்கிறார். நாலு கட்டம் போட்டு நான் படித்த கேள்வி அவருக்கு வயிற்றில் இருந்திருக்கிறது.

"நான் இலை போடுவேன் மாமா" என்றேன்.

"இந்த வருசம் போடுவ" என்றார்.

தகரக் குவளை

ஊருக்குள் இறங்கியதும் மாமா வீடுதான் முதலில். வெயிலில் வந்தவர்களுக்கு அத்தை தண்ணீர் கொண்டுவந்தாள். மாமாவுக்கும் அய்யாவுக்கும் வெண்கலச் செம்பு. எனக்கு ஒரு தகரக் குவளை.

மாட்டுக் கொட்டத்துக் கூரையில் செருகி வைத்திருக்கும் குவளை அது. வெளி ஆட்கள் தண்ணீர் கேட்டால் எடுப்பது. எங்கள் ஊரில் வேதத்தில் சேர்ந்திருந்த ஒரே வீட்டார் வந்து கேட்டாலும் அதில்தான். அது யார் யாருக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனையோ தடவை அதை எடுத்து நீட்டியிருக்கிறேன். விளிம்பில் ஒரு வெட்டு உண்டு, உதட்டில் படும் என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். சின்ன வயதில் எனக்கு ஊட்டியவள்.

நான் குடித்தேன். பாதிக் குவளை. கீழே வைக்கப் போனபோது அய்யா கை நீட்டி அதை வாங்கினார். தன் வெண்கலச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு, நான் மிச்சம் வைத்திருந்த தண்ணீரை, வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்தார். குவளையை அத்தையிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. இதுலயே ஊத்து."

அய்யா அவ்வளவுதான் பேசினார். காலையிலிருந்து அவர் பேசியது மொத்தம் இரண்டு பேச்சு. இரண்டையும் நான் மறக்கவில்லை. நான் எந்த வேதத்தில் சேர்ந்தாலும் அவர் எனக்கு அய்யாதான் என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது. அத்தை குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளைகளே, அந்த மாதிரிக் குவளை நம் வீட்டில் ஏன் இல்லை என்று இனிமேல் நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

பேச்சி படித்த கார்டு

உள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உங்கள் அம்மா. பேச்சியம்மாள். நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அவளுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு எழுந்த நாளிலிருந்து என் எதிரில் வருவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்பா, அந்தக் கார்டை நான் எடுத்துப் பாத்தேன்."

ஊரெல்லாம் காட்டுவதற்கென்று மாமா அய்யாவிடமிருந்து அதை வாங்கிவந்து, கூரை வாரியில் சொருகி வைத்திருந்தாராம்.

"நீ எதுக்கு அதை எடுத்த?"

"எனக்குன்னு பேசின ஆளு எழுதினதுதானே. மேல ஒரு சுழி போட்டிருக்கு, பாத்தீகளா?"

"என்ன சுழி?"

"பிள்ளையார் சுழி."

கதவிடுக்கு வழியாகக் கார்டு வெளியே வந்தது. மாமா வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். உள்ளிருந்து கை நீண்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. வளையல் போட்ட அந்தக் கையை மட்டும்தான் நான் பார்த்தேன். விரல் நுனி கார்டின் உச்சியைத் தொட்டுக் காட்டியது. 'உ'. நான் போட்டதே எனக்கு நினைவில்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் கை தானாகப் போடுகிற எழுத்து.

"வேதக்கோயில்ல சேர்ந்தவரு, அதைச் சொல்லக் காயிதம் எழுதுறப்ப, பிள்ளையாரைக் கும்பிட்டுக்கிட்டா ஆரம்பிப்பாரு?"

"பழக்கதோஷம்" என்றார் மாமா. ஆனால் குரலில் காலையில் இருந்த பலம் இல்லை.

"கையி மட்டும் பழசை மறக்கல, மனசு மறந்துருச்சாக்கும்? கீழ ரெண்டு வரி கெடக்கு. அதை ஒங்க தபால்காரர் படிச்சாரா? 'எல்லா வேதங்களையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்'. எல்லா வேதத்துலயும் ஒரே ஆளு எப்பிடிச் சேருவாரு? எத்தனை கயித்தைத்தான் அறுப்பாரு?"

அய்யாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரித்தார்.

"ஒப்பிட்டுன்னா என்ன?" என்றார் மாமா.

"சந்தைக்கு மாடு பிடிக்கப் போறீகள்ல. எல்லா மாட்டோட பல்லையும்தானே பாப்பீக. அம்புட்டையும் ஓட்டிக்கிட்டா வாரீக?"

"பல்லைப் பாக்குறதே ஓட்டிட்டு வரத்தானேடி!"

"போன மாசம் ஒண்ணும் பிடிக்காமத் திரும்பி வந்தீகளே. வீட்ல நிக்கிற மாடே தேவலைன்னு."

மாமா கார்டை உற்றுப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், அந்த ஒரு எழுத்தை மட்டும் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி. அமாவாசைக்கு எலை போடட்டும். நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

நானும் ஒரு வார்த்தை கதவைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் கொலுசுச் சத்தம் கொல்லைப்பக்கம் போய்விட்டது.

ஆடி அமாவாசை

அன்று உச்சிவேளைக்கு எங்கள் வீட்டில் இலை போட்டேன். நுனி இடப்பக்கம். தண்ணீர் தெளித்தேன். அத்தை காலையிலேயே வந்து சமைத்திருந்தாள். ஒவ்வொன்றாக நான் எடுத்து வைத்தேன். எத்தனையோ வருஷம் செய்ததுதான். ஆனால் அதுவரைக்கும் சொன்னதைச் செய்தேன். அன்றைக்குத்தான் ஒருத்திக்குப் பரிமாறினேன். பசி, பசி என்று சொல்லிக்கொண்டே போனவளுக்கு. சோற்றை இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். குழம்பு வழிந்து இலையை விட்டு ஓடியது. அய்யா விரலால் அணை கட்டினார்.

சூடம் காட்டி விழுந்து கும்பிட்டு எழுந்தேன். மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். கையைக் கூப்பிக்கொண்டு, வாய்விட்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளிடம் பேசுவதுபோல் பேசினார்.

"அக்கா, வயிறு நெறையச் சாப்பிடு. ஒம் மகன் மதுரையில, எல்லாரு வேதத்தையும் வச்சுப் படிக்கிறானாம். என்னான்னு எனக்கு வெளங்கல. விடமாட்டேங்கிறான். நல்லதாத்தான் இருக்கும். அந்தப் பாதிரி என்ன கேள்வி கேட்டாலும் தப்பு வராமப் பதில் எழுத வையி. நீதான் கூட இருந்து பாத்துக்கணும்."

பாதிரியார் போட்ட நாலு கட்டத்தில் எதிலும் இதை எழுத இடம் கிடையாது. மதங்களை ஒப்பிடுகிற பரீட்சையில் நான் தேற வேண்டும் என்று, இறந்துபோன என் ஆத்தாவிடம் என் மாமா வேண்டிக்கொண்டார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். சூடப் புகை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

தை மாதம் சொன்னபடி கல்யாணம் நடந்தது. காதர் வந்தான். மாமா அவனைப் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'அத்தா பேச ஆரம்பிச்சுட்டாரா?' என்று மூன்று தடவை கேட்டார். 'போன வாரந்தான் மாமா, "வெளக்கை அணை"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு' என்றான் காதர். 'அது போதும், இனிமே வந்துரும்' என்று மாமா அவன் இலையில் இன்னொரு கரண்டிப் பாயசம் ஊற்றச் சொன்னார்.

அடுத்த வருஷக் கடைசியில் பரீட்சை எழுதினேன். மதப் பாடங்கள் அத்தனையிலும் தேறினேன். நாலு பேரில் எனக்குத்தான் அதிக மார்க் என்று பாதிரியார் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் இங்கிலீஷில் தவறிவிட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் தவறினேன். அத்தோடு பி.ஏ. என்ற இரண்டு எழுத்தும் என் பெயருக்குப் பின்னால் வராமலே போயின.

இரண்டாம் தடவையும் தவறிய செய்தியை உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுப்படி வாசலில் வெகு நேரம் நின்றேன். பிறகு சொன்னேன். மதப் பாடத்தில் எல்லாம் பாஸ், இங்கிலீஷ்தான் காலை வாரிவிட்டது என்றேன்.

அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அப்பா அந்தப் பாடத்துக்கு மட்டுந்தானே ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லி வச்சாக" என்றாள். "இங்கிலீசுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே."